இடரும் தேர்வும்: கொங்கு நாட்டு உயர்கல்வியில் மதிப்பீட்டு விதிகள் பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

பல்கலைக்கழகத் தேர்வு அளக்க வேண்டியது மாணவர் கற்றதை. குறித்த நாள், குறித்த அறை, குறித்த மூன்று மணி நேரம் என்னும் ஏற்பாடு நிர்வாகம் நடப்பதற்காக வந்தது. நோயும் சாவும் விபத்தும் வெள்ளமும் பேறுகாலமும் தேர்வு அட்டவணையைப் பார்த்துக்கொண்டு வருவதில்லை. அவை வந்து மோதும்போது அட்டவணை வளைய வேண்டுமா, மாணவர் வாழ்க்கை வளைய வேண்டுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

மாணவரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டு, முன்கூட்டித் தவிர்க்க முடியாதபடி வந்து, அவர் தேர்வெழுதுவதையோ எழுதும் தரத்தையோ கெடுக்கும் நிலையை இங்கே ‘இடர்ச்சூழல்’ என்று குறிப்பிடுகிறேன். கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி மாவட்டங்களும் அவற்றை ஒட்டிய கொங்குப் பகுதியும் ஆய்வின் களம். பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கலை, அறிவியல் கல்லூரிகள், அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரிகள், தன்னாட்சிக் கல்லூரிகள் ஆகிய மூன்றும் கருத்தில் கொள்ளப்பட்டுள்ளன.

கட்டுரையின் முடிபை முதலிலேயே கூறிவிடுகிறேன். இடருக்கு ஆளான மாணவருக்கு மதிப்பெண்ணைச் சலுகையாகக் கூட்டித் தர வேண்டியதில்லை. அவர் இழந்த தேர்வு வாய்ப்பை, முதல் முயற்சி என்ற தகுதி குறையாமல் அவருக்கே திருப்பித் தர வேண்டும். நம் விதிகளில் இதற்கான விதை இருக்கிறது. அது எல்லாக் கல்லூரிகளிலும் ஒரே உரிமையாக வளரவில்லை.

2. களத்தின் இயல்பு

2.1 நிறுவன அமைப்பு

சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழிருந்த கோவை வட்டாரக் கல்லூரிகளுக்கெனப் பாரதியார் பல்கலைக்கழகம் 1982ல் மருதமலை அடிவாரத்தில் அமைந்தது. சேலம், நாமக்கல் பகுதிகளுக்கு 1997ல் பெரியார் பல்கலைக்கழகம் வந்தது. இணைவுப் பல்கலைக்கழகம் என்றால் வினாத்தாள் ஓரிடத்தில் உருவாகிறது, தேர்வு பல நூறு அறைகளில் நடக்கிறது, விடைத்தாள் மீண்டும் ஓரிடத்துக்குத் திருத்த வருகிறது. இந்தப் பெரிய ஓட்டத்தில் தனி ஒருவரின் சிக்கல் மேலிடத்தை எட்டுவதற்குள் தேர்வு முடிவே வெளியாகிவிடும்.

கோத்தாரி ஆணையம் 1964–66ல் முன்மொழிந்த தன்னாட்சிக் கல்லூரித் திட்டம் கோவைக்கு மிக முன்னதாகவே வந்தது. பூ.சா.கோ. கலை அறிவியல் கல்லூரியும் பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியும் 1978ல் தன்னாட்சி பெற்றன. பின்னர் அரசு கலைக் கல்லூரி, அரசு தொழில்நுட்பக் கல்லூரி, கோயம்புத்தூர் தொழில்நுட்ப நிறுவனம் எனப் பட்டியல் நீண்டது. தன்னாட்சிக் கல்லூரி தன் வினாத்தாளைத் தானே உருவாக்குகிறது, தேர்வு நாளைத் தானே குறிக்கிறது. ஆகவே ஒரு மாணவருக்கு மறுநாள் குறிக்கும் திறன் அதற்கு உண்டு. இந்த ஆற்றல் கொங்கு நாட்டில் இருக்கும் அளவுக்குத் தமிழகத்தின் பல பகுதிகளில் இல்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

2.2 மாணவர் வாழ்நிலை

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சிப்ட் பார்த்துவிட்டு வகுப்புக்கு வருவோர் இங்குண்டு. பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறி ஓட்டும் வீட்டுப் பிள்ளைகள் உண்டு. வால்பாறைத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பிலிருந்து பொள்ளாச்சிக்கு இறங்க 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். இவர்களில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். விதிப்புத்தகத்தை வாசித்து, உரிய பிரிவைச் சுட்டி, உரிய நாளுக்குள் மனு எழுதித் தர வீட்டில் வழிகாட்ட ஆளில்லை.

அரசு இந்நிலையை அறியாமல் இல்லை. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி பயிலும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவை அரசு கலைக் கல்லூரியிலேயே தொடங்கி வைக்கப்பட்டது. கல்லூரிக்குள் வரக் கை கொடுக்கும் அரசு, உள்ளே வந்தவர் இடறும்போது தேர்வு விதி என்ன செய்கிறது என்பதையும் கவனிக்கக் கடமைப்பட்டுள்ளது.

3. விதிகளின் நான்கு வாயில்கள்

ஒரு பருவத்தில் மாணவர் நான்கு இடங்களில் மதிப்பிடப்படுகிறார். ஒவ்வொன்றிலும் இடர்ச்சூழலை விதி வெவ்வேறு விதமாகப் பார்க்கிறது.

3.1 வருகைப்பதிவு

75 விழுக்காடு வருகை என்பது பொது அளவுகோல். மாநிலப் பல்கலைக்கழகங்களின் கலை, அறிவியல் பாடப்பிரிவுகளில் கீழ்ப்படிகளின் எண்கள் சற்று மாறுபட்டாலும் ஏணி ஒன்றே. 75க்குச் சற்றுக் கீழே இருப்பவர், வருகைக் குறையைப் பொறுத்துக்கொள்வதற்கான காண்டனேஷன் கட்டணம் கட்டித் தேர்வெழுதலாம். அதற்கும் கீழே இருப்பவர் இந்தப் பருவத் தேர்வை விட்டு அடுத்த முறை எழுதலாம். இன்னும் கீழே போனால் பருவத்தையே மீண்டும் படிக்க வேண்டும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒழுங்குமுறை காரணத்தைக் கேட்கிறது. 65 முதல் 74 விழுக்காடு வரை வருகை உள்ளவர், நீண்ட மருத்துவமனைச் சிகிச்சை, விபத்து, குறிப்பிட்ட நோய் அல்லது விளையாட்டுப் போட்டி காரணமாக வரவில்லை என்று சான்று தந்தால் தேர்வெழுதலாம். 65க்குக் கீழே சென்றவர் அடுத்த கல்வியாண்டில் அதே பருவத்தைத் திரும்பப் படிக்க வேண்டும்.

இங்கே இரு குறைகள் தெரிகின்றன. முதலாவது, கட்டணம். ஒருவர் டெங்குக் காய்ச்சலில் 20 நாள் படுத்திருந்தார், இன்னொருவர் காரணமின்றி 20 நாள் வரவில்லை. இருவரும் ஒரே தொகையைக் கட்டி ஒரே கதவு வழியாக நுழைகிறார்கள் என்றால், அந்த விதி இருவரையும் பிரித்தறியவில்லை. நோய்ப்பட்டவர் பணம் கட்டுகிறார். காரணம் இல்லாதவர் பணம் கட்டித் தப்பிக்கிறார். இரண்டாவது, எல்லைக் கோடு. 64 விழுக்காட்டில் நிற்கும் நோயாளிக்கு 65ல் நிற்பவருக்கு உள்ள வழி இல்லை. நோய் கடுமையாக ஆக வருகை குறையும். ஆகவே மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கே கதவு முதலில் சாத்தப்படுகிறது.

3.2 அகமதிப்பீடு

அகமதிப்பீட்டின் எடை கூடிக்கொண்டே வருகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையில் எழுத்துத் தாள்களுக்கு 20 மதிப்பெண் அகமதிப்பீட்டுக்கும் 80 பருவத் தேர்வுக்கும் இருந்தன. 2021 ஒழுங்குமுறையில் அது 40, 60 என்று ஆனது. தொடர் மதிப்பீடு மாணவரை ஒரே நாளின் விபத்திலிருந்து காக்கும் என்பது நல்ல நோக்கம். ஆனால் ‘இன்டர்னல்’ தேர்வைத் தவறவிட்டவருக்கு ரீடெஸ்ட் தருவது பெரும்பாலும் ஆசிரியரின் அல்லது துறைத் தலைவரின் மனத்தைப் பொறுத்தது. எடை இரு மடங்கானபோது பாதுகாப்பும் அதற்கேற்ப வலுத்திருக்க வேண்டும்.

3.3 பருவத் தேர்வு

நம் விதிகளிலேயே மிக நேர்மையான பிரிவு இங்கேதான் உள்ளது. அண்ணா பல்கலைக்கழக ஒழுங்குமுறையின்படி, உடல்நலமின்மை, எதிர்பாராத குடும்ப நிலை, அனுமதி பெற்ற விளையாட்டுப் போட்டி போன்ற தக்க காரணம் உள்ளவர் தேர்விலிருந்து விலக விண்ணப்பிக்கலாம். ஏற்கப்பட்டால் அடுத்த பருவத்தில் அத்தேர்வை எழுதலாம். அந்த விலகல் ஒரு முயற்சியாகக் கணக்கில் வராது. ஆகவே தனிச்சிறப்புடன் கூடிய முதல் வகுப்புக்கான தகுதியும் போகாது. இழந்தது நாளே தவிர வாய்ப்பு அல்ல என்பதை விதியே ஒப்புக்கொள்ளும் இடம் இது.

எனினும் இதற்கு மூன்று பூட்டுகள் உண்டு. படிப்புக் காலம் முழுவதிலும் ஏதேனும் ஒரு பருவத்தில் மட்டுமே இதைப் பயன்படுத்தலாம். வருகைத் தகுதி முன்னதாகவே இருக்க வேண்டும். பத்து நாள் முன்னறிவிப்பு வேண்டும். கடைசி நிபந்தனைக்குச் சிறப்பு நேர்வுகளில் விலக்குண்டு என்றும் அதே பிரிவு கூறுகிறது. இடரின் இயல்பே திடீரென வருவது. அதனால் விலக்காக எழுதப்பட்டதே பொதுவிதியாக இருந்திருக்க வேண்டும்.

நீண்ட கால நோய்க்கு வேறொரு பிரிவு உள்ளது. அனுமதி பெற்று அதிகபட்சம் ஓராண்டு படிப்பை நிறுத்தி வைக்கலாம். அந்த ஓராண்டு வகுப்புத் தரத்தைக் கணக்கிடும் காலத்தில் சேராது. இது மாணவருக்குச் சொல்லப்பட வேண்டிய உரிமை. பலரும் படிப்பை விட்டு நின்ற பிறகே இப்படியொரு வழி இருந்ததை அறிகிறார்கள்.

3.4 தரவரிசையும் வேலைவாய்ப்பும்

பல்கலைக்கழகத் தரவரிசைக்கும் தங்கப் பதக்கத்துக்கும் முதல் முயற்சியிலேயே எல்லாத் தாளிலும் தேறியிருக்க வேண்டும் என்பது பரவலான விதி. வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்கள் பலவும் ‘அரியர் வரலாறு இருக்கக் கூடாது’ என்று கேட்கின்றன. தேர்வன்று மருத்துவமனையில் இருந்தவரின் மதிப்பெண் பட்டியலில் ‘வரவில்லை’ என்ற குறி விழுந்தால், அடுத்த முறை 90 வாங்கினாலும் அந்தக் குறி அவரை விடாது. ஒரு நாள் காய்ச்சல் வேலைவாய்ப்பு வரை பின்தொடரும் வழி இதுதான். பதிவேட்டில் எந்தச் சொல் எழுதப்படுகிறது என்பது சிறிய காரியமல்ல.

4. கொங்குப் பகுதியில் இடரின் வகைகள்

4.1 பருவநிலை

பருவத் தேர்வுகள் நவம்பர்–டிசம்பரிலும் ஏப்ரல்–மேயிலும் நடக்கின்றன. முதல் தேர்வுக் காலம் வடகிழக்குப் பருவமழையின் நடுவில் விழுகிறது. குன்னூர்ச் சாலையிலும் கோத்தகிரிச் சாலையிலும் மண் சரிந்தால் உதகையும் மேட்டுப்பாளையமும் தனித்தனித் தீவாகும். 2019 ஆகஸ்ட் 8 அன்று நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அது தென்மேற்குப் பருவக் காலம். இரு பருவமழையும் பெய்யும் மாவட்டம் அது. மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்தால் அங்குள்ள மையங்களின் தேர்வு தள்ளிப்போகும். ஆனால் மலையிலிருந்து சமவெளிக் கல்லூரிக்கு வந்து படிக்கும் மாணவருக்கு அந்த அறிவிப்பு பொருந்துவதில்லை. கோவையில் வெயில் அடிக்கும். அவர் ஊர்ச் சாலை மூடிக் கிடக்கும்.

4.2 நோய்

இரண்டாம் தேர்வுக் காலம் கோடையில் வருகிறது. அம்மை பரவும் காலமும் அதுவே. பண்ணாரி குண்டமும் ஊர்தோறும் மாரியம்மன் நோன்பும் நடக்கும் பங்குனி, சித்திரையில் அம்மை கண்ட பிள்ளையை வீட்டில் வேப்பிலைக்கு நடுவே படுக்க வைப்பார்கள். பல குடும்பங்களில் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை மருத்துவரிடம் அழைத்துப் போவதில்லை. நோய் உண்மை, தொற்றும் உண்மை. தேர்வறைக்கு வந்தால் மற்றவருக்கும் ஆபத்து. ஆனால் மருத்துவச் சான்று இல்லை. மருத்துவச் சான்றை மட்டுமே ஏற்கும் விதி, இந்த மாணவரைப் பொய்ச் சான்று வாங்கத் தூண்டுகிறது அல்லது தோல்வியில் தள்ளுகிறது.

4.3 இழவு

‘பெற்றோர்’ என்று மட்டும் எழுதும் விதி இங்குள்ள குடும்பத்தை அறியவில்லை. தந்தை லாரியிலும் தாய் மில்லிலும் இருக்க, அமுச்சியோ (தாய்வழிப் பாட்டி) அப்புச்சியோ (தாய்வழித் தாத்தா) வளர்த்த பிள்ளைகள் ஏராளம். வளர்த்தவர் இறந்த மறுநாள் ஒரு மாணவர் தேர்வறையில் அமர்ந்தால் அந்தத் தாளில் அளக்கப்படுவது அவருடைய பாட அறிவல்ல. இறப்புப் பதிவுக்கு 1969ஆம் ஆண்டுச் சட்டம் 21 நாள் அவகாசம் தருகிறது. விண்ணப்பத்துடன் இறப்புச் சான்றிதழை உடனே கேட்கும் அலுவலகம், சட்டமே தந்த அவகாசத்தை மறுக்கிறது.

4.4 உழைப்பும் பணமும்

ஏற்றுமதி ஆர்டர் முடிக்க இரவு பகலாக ஓடும் நாட்களில் வேலைக்கு வராவிட்டால் அடுத்த வாரம் வேலை இருக்காது. தேர்வுக் கட்டணம் கட்டத் தாமதமாகிறது; கல்லூரிக் கட்டண பாக்கிக்காக ஹால் டிக்கெட் நிறுத்தி வைக்கப்படுகிறது. வறுமை என்பது ஒரு நாள் நிகழ்ச்சி அல்ல, ஆதலால் இடர்ச்சூழலில் சேராது என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் தந்தையின் வேலை திடீரெனப் போவதும் தறிப்பட்டறை மூடப்படுவதும் நாள் குறித்துச் சொல்லக்கூடிய நிகழ்ச்சிகளே. அவற்றைத் தேர்வு விதி காண மறுப்பதற்கு நியாயமான காரணம் இல்லை.

4.5 பேறுகாலம்

படிக்கும்போதே மணமாகித் தாயாகும் மாணவியர் கொங்குப் பகுதிக் கல்லூரிகளில் புதியவர்கள் அல்லர். ஆய்வு மாணவியருக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பைப் பல்கலைக்கழக மானியக் குழு 2016 விதிகளில் தந்தது. இளநிலை, முதுநிலை மாணவியருக்கும் வருகை, தேர்வு விண்ணப்பம் ஆகியவற்றில் தளர்வு தர விதி வகுக்குமாறு 2021 டிசம்பரில் பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது. உத்தரப் பிரதேசத்தில் மகப்பேற்றால் தேர்வைத் தவறவிட்ட பி.டெக். மாணவி தொடுத்த வழக்கில், மாணவியருக்கான மகப்பேற்றுப் பயன் விதிகளைப் பல்கலைக்கழகம் வகுக்க வேண்டும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் அதே ஆண்டில் தீர்ப்பளித்தது. ஆய்வு மாணவிக்கு ஏற்கப்பட்ட உண்மை பி.ஏ. மாணவிக்கும் உண்மையே.

5. ஊரே இடருக்கு ஆளான ஆண்டு: 2020

கொரோனா, இடர்ச்சூழலை ஒருவரின் மனுவிலிருந்து எல்லோருடைய நிலையாக மாற்றியது. இறுதியாண்டுத் தேர்வை 2020 செப்டம்பர் இறுதிக்குள் நடத்த வேண்டும் என்று மானியக் குழு ஜூலையில் கூறியது. மாநிலங்கள் பேரிடர் சட்டத்தின் கீழ் நாளைத் தள்ளக் கேட்கலாம், தேர்வே இல்லாமல் பட்டம் தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது.

அதற்கு இரு நாள் முன்பு, ஆகஸ்ட் 26 அன்று, தேர்வுக் கட்டணம் கட்டிய அரியர் மாணவர்கள், இறுதிப் பருவத் தாள்கள் நீங்கலாக, தேர்ச்சி பெற்றதாகத் தமிழக அரசு அறிவித்தது. ஊரெங்கும் கொண்டாட்டம். அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் இ. பாலகுருசாமி உள்ளிட்டோர் வழக்குத் தொடுத்தனர். தேர்வே நடத்தாமல் அரியரை நீக்குவதை ஏற்க முடியாது என்று 2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் கூறி, தேர்வு நடத்தச் சொன்னது.

இந்த நிகழ்ச்சித் தொடரிலிருந்து பெறும் பாடம் தெளிவானது. மதிப்பெண்ணை இனாமாகத் தந்தால் பட்டத்தின் மதிப்பு கெடுகிறது. அதைப் பெற்ற மாணவரே பின்னர் சந்தேகத்துக்கு ஆளாகிறார். தேர்வை மறுத்தால் மாணவர் கெடுகிறார். இரண்டுக்கும் நடுவே உள்ள நேரிய வழி, வேறொரு நாளில் அதே தரத்தில் தேர்வு வைப்பது. பேரிடர் காலத்தில் நீதிமன்றங்கள் வலியுறுத்திய அந்த வழியைச் சாதாரண காலத்தில் தனி மாணவருக்கு மறுப்பது முறையாகாது.

6. சட்டம் நகரும் திசை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தேர்வு முறையில் தக்க மாற்றம் செய்வதை அரசு, உள்ளாட்சி அமைப்புகளின் கடமையாக்கியது. எழுத உதவியாளர், கூடுதல் நேரம் ஆகியவை அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன. 2018 வழிகாட்டுதல் ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத ஈடுநேரத்தைத் தந்தது. மூன்று மணி நேரத் தேர்வுக்கு அது ஒரு மணி நேரம். எழுதும் கையில் இசிவு நோய் உள்ள ஒருவரின் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், குறிப்பிட்ட விழுக்காட்டு ஊனம் இல்லை என்பதற்காக எழுத உதவியாளரை மறுக்கக் கூடாது என்றது. தக்க ஏற்பாடு செய்வது கருணை அல்ல, சமத்துவத்தின் பகுதி என்பதே அத்தீர்ப்பின் உயிர்.

அண்டை மாநிலமான கேரளம் 2023 ஜனவரியில் மாதவிடாயைக் கருதி மாணவியருக்கு வருகைத் தேவையை 73 விழுக்காடாகக் குறைத்தது. வாளையாற்றுக்கு அப்பால் ஒரு விதி, இப்பால் வேறு விதி. சட்ட மாணவர் ஒருவரின் தற்கொலையையொட்டி எழுந்த வழக்கில், வருகைக் குறைவைக் காட்டிச் சட்ட மாணவர்களைத் தேர்வெழுதவிடாமல் தடுக்கக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 நவம்பரில் கூறியது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலத்துக்கான வழிகாட்டுதல்களை எல்லாக் கல்வி நிறுவனங்களுக்கும் வகுத்தது. மனநோயை இடராக ஏற்கத் தயங்கும் தேர்வுக் குழுக்கள் இதை ஊன்றிப் படிக்க வேண்டும்.

முறையீட்டுக்கும் இன்று வழி உள்ளது. மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு மாணவர் குறைதீர் விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர் குழு அமைக்க வேண்டும். அக்குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதன் மேல் குறைகேள் அதிகாரியிடம் முறையிடலாம். அவர் 30 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். நியாயமற்ற மதிப்பீட்டு முறையும் இவ்விதிகளில் குறையாகவே கொள்ளப்படுகிறது. தேர்வு விதியும் குறைதீர் விதியும் இன்று தனித்தனிப் புத்தகங்களாகக் கிடக்கின்றன. இவை இணைய வேண்டும்.

7. பிற நாடுகளின் நடைமுறை

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் மீண்டும் எழுதும் மாணவருக்குப் பொதுவாக ‘சி’ தரத்துக்கு மேல் கிடைக்காது. ஆனால் மருத்துவச் சான்று பல்கலைக்கழகத்தால் ஏற்கப்பட்டால், அடுத்த முறை எழுதுவது முதல் முயற்சியாகவே கொள்ளப்படும். தர வரம்பும் பொருந்தாது. யாழ்ப்பாண மாணவருக்கு இது பழகிய நடைமுறை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மாணவர் முறையீட்டுக்கெனச் சுயேச்சையான அலுவலகம் 2004ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. அது 2020 டிசம்பரில் இடர்ச்சூழல் விண்ணப்பங்களுக்கென நல்வழிக் கையேடு வெளியிட்டது. அங்கே பொதுவாக மதிப்பெண் கூட்டப்படுவதில்லை. காலநீட்டிப்பு அல்லது புதிய முதல் முயற்சி தரப்படுகிறது. குறுகிய கால நோய்க்கு மாணவரின் சொந்த உறுதிமொழியை ஏற்கும் வழக்கமும் வளர்ந்துள்ளது. ‘தேர்வறையில் அமர்ந்தால் உடல்நலம் உள்ளவர் என்றே கொள்ளப்படுவார்’ என்ற விதியும் அங்குப் பல இடங்களில் உண்டு. அதை அப்படியே இங்குக் கொண்டுவரலாகாது. அரியர் அச்சத்தால் காய்ச்சலோடு வந்து எழுதும் நம் மாணவரை அது தண்டிக்கும்.

8. எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம்: பொய்ச் சான்று பெருகும். இன்றும் பொய்ச் சான்று உண்டு. குடும்ப மருத்துவரை அறிந்தவருக்கு அது எளிது; அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டை மட்டும் வைத்திருப்பவருக்கு அரிது. மதிப்பெண் கூட்டப்படாமல் தேர்வு மட்டும் தள்ளிப்போகும் என்றால் பொய் சொல்வதில் பெரிய ஆதாயம் இல்லை. எப்படியும் அதே பாடத்தை அதே தரத்தில் எழுதித்தான் தேற வேண்டும்.

இரண்டாவது: எல்லோருக்கும் ஒரே விதி என்பதே சமத்துவம். ஒரே வினாத்தாள், ஒரே திருத்தும் முறை, ஒரே தேர்ச்சி எல்லை ஆகியவை சமத்துவத்தின் அடிப்படை. அவற்றைத் தொடக் கூடாது. ஒரே நாள் என்பது அவ்வகையில் சேராது. பல்கலைக்கழகமே ஆண்டுக்கு இரு முறை அத்தேர்வை நடத்துகிறதே.

மூன்றாவது: செலவும் உழைப்பும். இது மெய்யான சிக்கல். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகங்களில் பணியிடம் குறைவு, வேலை மிகுதி. ஆனால் இறுதியாண்டு மாணவருக்காகச் சிறப்புத் துணைத்தேர்வு நடத்தும் கல்லூரிகள் இங்கேயே உள்ளன. ஒவ்வொரு தாளுக்கும் மாற்று வினாத்தாள் ஆயத்தமாக வைக்கும் பழக்கமும் உண்டு. இருக்கும் ஏற்பாட்டை இடருற்றோர்க்கும் திறந்துவிடுவதே கேட்கப்படுகிறது.

நான்காவது: வகுப்புக்கு வரும் ஒழுங்கு குலையும். வருகை விதி இருக்கட்டும். காரணம் உள்ள வராமையையும் காரணம் இல்லாத வராமையையும் பிரித்தால் அந்த ஒழுங்கு வலுப்படுமே தவிரக் குலையாது.

9. முன்மொழிவு

கொங்குப் பகுதிப் பல்கலைக்கழகங்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும் ஏற்கத்தக்க எட்டுக் கூறுகளை முன்வைக்கிறேன்.

ஒன்று, ஏற்கப்பட்ட காரணத்தால் தேர்வெழுதாமை எந்த நோக்கத்துக்கும் முயற்சியாகக் கொள்ளப்படக் கூடாது. மதிப்பெண் பட்டியலில் ‘வரவில்லை’ என்பதற்குப் பதில் ‘ஒத்திவைப்பு’ என்று பதிய வேண்டும். வகுப்புத் தரம், தரவரிசை, பதக்கம் ஆகிய அனைத்துக்கும் இது பொருந்த வேண்டும்.

இரண்டு, முன்னறிவிப்பு முடிந்தால் முன்னே. முடியாவிட்டால் தேர்வுக்குப் பின் ஏழு வேலை நாட்களுக்குள். மருத்துவமனையில் இருப்பவருக்காக வகுப்புத் தோழரோ பெற்றோரோ தகவல் தரலாம்.

மூன்று, சான்றில் படிநிலை வேண்டும். மூன்று நாள் வரையிலான நோய்க்கு மாணவரின் உறுதிமொழியும் வகுப்பு ஆசிரியரின் குறிப்பும் போதும். ஆரம்ப சுகாதார நிலைய ஓ.பி. சீட்டு, தனியார் மருத்துவமனைச் சான்றுக்கு நிகராக ஏற்கப்பட வேண்டும். அம்மை போன்றவற்றுக்குக் கிராம சுகாதாரச் செவிலியரின் குறிப்பையும், இறப்புக்குக் கிராம நிர்வாக அலுவலரின் குறிப்பையும் ஏற்கலாம்.

நான்கு, மூவர் குழு முடிவெடுக்க வேண்டும். ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். மாணவரின் துறையைச் சேராத ஒருவராவது இருக்க வேண்டும். முடிவு பத்து வேலை நாட்களுக்குள், காரணத்தோடு, தமிழிலும் எழுதித் தரப்பட வேண்டும்.

ஐந்து, நோய்க்கும் இழவுக்கும் காண்டனேஷன் கட்டணம் வாங்கக் கூடாது. கட்டண பாக்கிக்காக ஹால் டிக்கெட்டை நிறுத்தக் கூடாது. பாக்கியை வசூலிக்க வேறு வழிகள் உண்டு.

ஆறு, தேர்வு முடிவுக்கு முன்போ பின்போ 45 நாட்களுக்குள் சிறப்புத் தேர்வு. சிறிய கல்லூரிகள் கோவை, ஈரோடு, திருப்பூர், உதகை ஆகிய இடங்களில் பொது மையம் வைத்துச் செலவைப் பகிரலாம்.

ஏழு, அகமதிப்பீட்டு மறுதேர்வை ஆசிரியரின் விருப்பத்திலிருந்து எடுத்து எழுதப்பட்ட உரிமையாக்க வேண்டும்.

எட்டு, மாணவர் சொன்ன நோயும் குடும்பச் செய்தியும் குழுவுக்கு வெளியே போகக் கூடாது. மனநலச் சிகிச்சை பெறுவோர், தாக்குதலுக்கு ஆளானோர், குடும்ப வன்முறையில் சிக்கியோர் இந்த உறுதி இல்லாமல் வாய் திறக்க மாட்டார்கள்.

இவற்றையெல்லாம் விதிப்புத்தகத்தில் அச்சிட்டால் மட்டும் போதாது. முதலாண்டு வகுப்பின் முதல் வாரத்தில், எளிய தமிழில், ஒரே பக்கத்தில் மாணவர் கையில் தர வேண்டும். தெரியாத உரிமை இல்லாத உரிமையே.

10. முடிவுரை

கொங்கு நாடு கல்லூரிகளைத் தன் உழைப்பால் கட்டிய நிலம். பஞ்சாலையிலும் தோட்டத்திலும் சேர்த்த பணத்தை அறக்கட்டளைகளாக்கிக் கல்விக்குக் கொடுத்த மரபு இங்குண்டு. அந்தக் கல்லூரிகளில் இன்று பயில்வோரில் பெரும்பகுதி, அவை தொடங்கிய காலத்தில் உயர்கல்வியை நினைத்தும் பாராத குடும்பங்களின் பிள்ளைகள். மாணவர் கூட்டம் மாறியபின் தேர்வு விதியும் மாற வேண்டும். முழு நேரமும் படிக்கவும், நோய் வந்தால் உடனே மருத்துவரைக் காணவும் வசதியும், விதியை வாசித்துச் சொல்ல வீட்டில் ஆளும் உள்ள மாணவரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி, இன்றைய மாணவருக்கு நீதி செய்யாது.

இவ்வாய்வு காட்டுவது இதுவே. வினாத்தாளின் கடுமையைக் குறைக்காமலும், திருத்தும் நேர்மையைத் தளர்த்தாமலும், பட்டத்தின் மதிப்பைக் கெடுக்காமலும் இடருற்ற மாணவருக்கு நீதி வழங்க முடியும். அண்ணா பல்கலைக்கழக ஒழுங்குமுறையின் விலகல் பிரிவு அதற்கு முன்மாதிரி. அதன் பூட்டுகளைத் தளர்த்தி, கலை, அறிவியல் கல்லூரிகளுக்கும் விரித்து, கட்டணமின்றி, காரணத்தோடு கூடிய எழுத்து முடிவோடு வழங்குவதே செய்ய வேண்டியது. தன்னாட்சிக் கல்லூரிகளின் கல்விக் குழுக்கள் இதை அடுத்த கூட்டத்திலேயே தீர்மானமாக்கலாம். அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நாட்டில் தன்னாட்சியை முதலில் ஏற்ற ஊர்களுள் ஒன்றான கோவை, அந்தத் தன்னாட்சியைத் தன் மாணவரின் துன்ப நாளுக்குப் பயன்படுத்துவதிலும் முதலில் நிற்க வேண்டும்.